ஓட்டலும் வேண்டாம், உறவினர் வீடும் வேண்டாம்!

தோட்டத்து வீட்டில் தங்கி, தானே சமைத்துச் சாப்பிடும் விடுமுறை. திண்டுக்கல் பக்கத்தில் எங்கே? எப்படி?

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டாயிற்று. திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை காலை 10 மணிக்கே தோசைக்கல் மாதிரி காய்கிறது. பாறையைச் சுற்றியுள்ள தெருக்களில் பல வீடுகளில் இப்போது ஒரே பேச்சுதான்.

"அப்பா! எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கப்பா!"

அப்பா விரலை மடக்கிக் கணக்குப் போடுகிறார். வீட்டில் ஆறு பேர். கொடைக்கானலில் இரண்டு அறை எடுக்க வேண்டும். மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. ஊர் சுற்ற மோட்டார் வாடகை. மூன்றே நாளில் ஒரு மாதச் சம்பளம் பறந்துவிடும்!

"ஏங்க, பேசாமல் என் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வருவோமே!" என்கிறாள் அம்மா.

"போன வருஷமும் அங்கேதான் போனோம். ஆறு பேர் போய் இறங்கினால், அந்தப் பிள்ளை எத்தனை பேருக்குத்தான் சமைத்துப் போடும்?" என்கிறார் அப்பா.

மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் அப்பத்தா சிரிக்கிறாள்.

"நாங்க எல்லாம் அரிசி பருப்பைக் கட்டிக்கிட்டு, சட்டி பானையைத் தூக்கிக்கிட்டுத்தான் பழனிக்குப் போனோம். போற வழியில மரத்தடியில கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினோம். ஒரு ஓட்டலை ஏறிட்டும் பார்த்ததில்லை. உங்களுக்கு அதெல்லாம் எங்கே வரப்போவுது?"

அப்பத்தா விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் அவள் சொன்ன பழைய வழிதான் இன்று உலகத்தில் புது வழியாகப் பேசப்படுகிறது!

அது என்ன வழி?

மிகவும் எளிது. ஒரு விவசாயிக்கு இரண்டு வீடு இருக்கிறது. அல்லது ஒரு வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. அதை வெள்ளையடித்து, ஓர் அடுப்பும் பாத்திரமும் வைத்து, பட்டணத்துக் குடும்பத்துக்குச் சில நாள் வாடகைக்கு விடுகிறார்.

வந்தவர்கள் தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். தோட்டத்தில் விளையும் காய்கறியை அவரிடமே வாங்கிக்கொள்கிறார்கள். பாலும் முட்டையும் பக்கத்து வீட்டில் கிடைக்கும். பிள்ளைகள் ஆட்டுக்குட்டியோடு விளையாடுகின்றன. பெரியவர்கள் கயிற்றுக் கட்டிலில் படுத்து, பல வருஷத் தூக்கத்தைத் தூங்கித் தீர்க்கிறார்கள்.

அவ்வளவுதான். இதில் ஓட்டல் பில் இல்லை. உறவினருக்குத் தொந்தரவும் இல்லை.

இந்த முறைக்குச் சட்டமே போட்டு வளர்த்த நாடு இத்தாலி.

காலியான வீடுகள்

இத்தாலியில் டஸ்கனி என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. குன்றும் சரிவுமான பூமி. திராட்சையும் ஆலிவும் விளையும் இடம்.

அங்கே நெடுங்காலம் வார முறையில் சாகுபடி நடந்தது. நிலம் ஒருவருக்குச் சொந்தம். உழைப்பவர் இன்னொருவர். விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நம் ஊரில் "பாதி வாரம்" என்பார்களே, அதே முறைதான். வாரதாரரின் குடும்பம் நிலத்தின் நடுவே கல் வீட்டில் குடியிருக்கும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தது. பட்டணங்களில் தொழிற்சாலைகள் பெருகின. மாதம் பிறந்தால் சம்பளம்! இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கிராமத்தை விட்டுப் புறப்பட்டார்கள். 1964-ம் ஆண்டு இத்தாலி அரசாங்கம், புதிதாக வார ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று சட்டம் கொண்டு வந்தது. கல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. கூரையில் செடி முளைத்தது.

மிச்சமிருந்த விவசாயிகள் யோசித்தார்கள். "பட்டணத்துக்குப் போனவன் லீவுக்கு எங்கே போவான்? நம் வீட்டுக்கே வரட்டுமே!" என்று நினைத்தார்கள். 1965-ல் இதற்கென்று ஒரு சங்கம் தோன்றியது.

20 ஆண்டுகள் கழித்து, 5-12-1985 அன்று, இத்தாலி நாடாளுமன்றத்தின் சட்டம் வந்தது. இந்த ஏற்பாட்டுக்கு "அக்ரிதுரிஸ்மோ" என்று பெயர். வேளாண்மையையும் சுற்றுலாவையும் சேர்த்து முடிந்த சொல் அது. 2006-ல் அந்தச் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. இன்று அங்கே இப்படி விருந்தாளிகளை ஏற்கும் பண்ணைகள் 25 ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

ஒவ்வொரு வட்டாரமும் ஒரு தினுசு. வடக்கே ஆல்ப்ஸ் மலைச்சரிவில் பால் மாடு வளர்க்கும் மரவீடுகள். தெற்கே பூலியா வட்டாரத்தில் சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய கூம்பு வீடுகள். பார்த்தால் நெல் குதிருக்கு மூடி போட்டது போலிருக்கும். அந்தக் கூம்பு வீடுகள் நிறைந்த அல்பெரோபெல்லோ என்ற ஊரை 1996-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

சில பண்ணைகளில் வீட்டுக்காரரே சமைத்துப் போடுவார். வேறு சில பண்ணைகளில் சமையலறையோடு வீட்டை ஒப்படைத்துவிடுவார். அங்கே வாரக் கணக்கில் வாடகை பேசுவது பழக்கம். சனிக்கிழமை வந்து இறங்குவார்கள். அடுத்த சனிக்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

நமக்கு இது புதிதா?

இல்லவே இல்லை!

தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டு நகரத்தார்கள் காவடி எடுத்து, குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கும் யாத்திரை இது. பழைய நாளில் யாத்திரைக்காரர்களின் அரிசி மூட்டையும் பாத்திரமும் மாட்டு வண்டியில் பின்னால் வரும். இரவு தங்கும் இடத்தில் உலை கொதிக்கும்.

மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகள் போட்டார். சத்திரங்கள் கட்டினார். வழிப்போக்கர்கள் தங்கி, ஆக்கி உண்ட இடங்கள்தான் நம் சத்திரங்கள்.

கொடைக்கானலின் கதையைக் கேளுங்கள். அந்த ஊரே இப்படித்தான் தொடங்கியது! மதுரையில் சமயப்பணி செய்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் கொள்ளை நோய்க்கும் அஞ்சினார்கள். 1845-ம் ஆண்டு மலைமேல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். சன்னிசைடு என்று ஒன்றுக்குப் பெயர். ஷெல்டன் என்று இன்னொன்றுக்குப் பெயர். கோடையில் குடும்பத்தோடு அங்கே போய்த் தங்குவார்கள். இன்று எல்லோரும் படகு விடும் ஏரி 1863-ல்தான் உண்டாயிற்று. வெரெ லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரி அதை அமைத்தார்.

அப்போது மோட்டார் சாலை இல்லை. துரைமார்களின் சாமான் சட்டியெல்லாம் ஏழை மனிதர்களின் தலைச்சுமையாக மலை ஏறியது. விடுமுறை ஒருவருக்கு, சுமை வேறொருவருக்கு! அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

எங்கே போகலாம்?

திண்டுக்கல்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். வீட்டு வாசலிலேயே மலையும் இருக்கிறது, சமவெளியும் இருக்கிறது.

சிறுமலை: திண்டுக்கல்லிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 18 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் வாழை, பலா, எலுமிச்சை, காப்பி, மிளகு. சாலை இல்லாத தோட்டங்களிலிருந்து குதிரை முதுகில் மூட்டை வரும். பிள்ளைகளுக்கு அந்தக் குதிரைகளைப் பார்ப்பதே ஒரு திருவிழா!

சிறுமலை வாழைப்பழம் சின்னதாக இருக்கும். வாசனை ஊரைத் தூக்கும். 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து மலை வாழைத் தோட்டங்களைப் பெருமளவு அழித்தது. விவசாயிகள் மனம் தளராமல் மீண்டும் நட்டு வளர்த்தார்கள். 2008-ல் சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சுவை கொடுப்பது இந்த மலை வாழைதான்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு: வத்தலக்குண்டு தாண்டி மேலே ஏறினால் கீழ்ப்பழனி மலைத் தோட்டங்கள் வரும். காப்பிச் செடிக்கு நிழல் தரும் பெரிய மரங்கள். மரத்தில் ஏறும் மிளகுக் கொடி. ஆரஞ்சு, ஏலக்காய். கொடைக்கானல் போல நடுக்கும் குளிர் கிடையாது. தாண்டிக்குடியில் மிகப் பழைய கல்திட்டைகள் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் தோட்ட வீடுகளை விருந்தாளிகளுக்கு விடும் பழக்கம் வந்துவிட்டது.

ஆத்தூர் பக்கம்: மலை அடிவாரத்தில் காமராஜர் நீர்த்தேக்கம். திண்டுக்கல் நகரத்துக்குக் குடிதண்ணீர் தரும் இடங்களில் இதுவும் ஒன்று. சுற்றிலும் தென்னந்தோப்பு. நெல் வயல். மலையைப் பார்த்துக்கொண்டே சோறு வடிக்கலாம்.

அய்யலூர் பக்கம்: கரட்டுக் காடு. இங்கே இருப்பது தேவாங்கு. பெரிய கண், மெலிந்த கால். இரவில் மட்டும் வெளியே வரும் சாது. பூச்சிகளைத் தின்று பயிருக்கு உதவும் பிராணி. இதைக் காப்பதற்காக 2022 அக்டோபரில் தமிழக அரசு திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று ஏற்பட்ட முதல் சரணாலயம் அது.

என்ன சமைப்பது?

மூட்டை கட்டும்போது எல்லாவற்றையும் கட்டாதீர்கள். அரிசி, பருப்பு, புளி, உப்பு, மிளகாய்ப்பொடி, எண்ணெய் போதும். மற்றதை வழியில் வாங்குங்கள்.

ஒட்டன்சத்திரம் வழியாகப் போகிறீர்களா? தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் அது ஒன்று. கேரளத்துக்கே அங்கிருந்துதான் லாரி லாரியாகக் காய் போகிறது. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தக்காளி எல்லாம் பச்சென்று கிடைக்கும். நத்தம் வழியாகப் போகிறீர்களா? கோடையில் மாம்பழம். நிலக்கோட்டை வழி போனால் மல்லிகைப் பூ.

போய்ச் சேரும் முதல் இரவு யாரும் அடுப்பு மூட்ட வேண்டாம். வீட்டிலிருந்தே புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். பழைய கட்டுச்சோற்று வழக்கம் வீண் வழக்கமல்ல. புளியும் நல்லெண்ணெயும் சோற்றைக் கெடாமல் காக்கும்.

மறுநாள் காலை கம்பங்கூழ். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். மத்தியானம் தோட்டத்துக் கத்தரிக்காய்க் குழம்பு. மாலை சுட்ட சோளக்கதிர். இரவு ரசமும் சுட்ட அப்பளமும். இதற்கு எந்த ஓட்டலுக்குப் போக வேண்டும்?

அம்மாவுக்கு விடுமுறை உண்டா?

இங்கேதான் முக்கியமான கேள்வி வருகிறது.

அப்பா கட்டிலில் படுத்துப் பத்திரிகை படிக்கிறார். பிள்ளைகள் மாமரத்தில் ஏறுகின்றன. அம்மா? புகை அடுப்பை ஊதிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். ஆறு பேருக்கு மூன்று வேளை. பிறகு பாத்திரம் தேய்க்க வேண்டும். பிறகு துணி துவைக்க வேண்டும்.

அரசாங்க ஊழியரை ஓர் ஊரிலிருந்து வேறோர் ஊருக்கு அனுப்புவார்கள். அதற்கு மாறுதல் என்று பெயர். அம்மாவுக்குக் கிடைத்திருப்பதும் மாறுதல்தான், லீவு அல்ல!

தானே சமைத்துச் சாப்பிடும் விடுமுறையில் செலவு குறைகிறது. உண்மை. ஆனால் குறைந்த செலவை யார் தலையில் ஏற்றுகிறோம்? அந்தக் காலத்துத் துரைமார் சுமைகூலியின் தலையில் ஏற்றினார்கள். இன்று குடும்பங்கள் அம்மாவின் தலையில் ஏற்றலாமா?

இதற்கு ஒரு வழி உண்டு. புறப்படும் முன்பே வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

காலைக் காப்பியும் கூழும் அப்பாவின் பொறுப்பு. வெங்காயம் உரிப்பதும் கீரை ஆய்வதும் பிள்ளைகள் வேலை. பையன், பெண் என்ற வித்தியாசம் வேண்டாம். பாத்திரம் தேய்ப்பது முறை வைத்து. ஒரு நாள் முழுவதும் அம்மா அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது!

"ஆண்களுக்குச் சமைக்க வராதே" என்று யாராவது சொல்கிறார்களா? திண்டுக்கல்லில் அதைச் சொல்ல முடியாது. நாகசாமி நாயுடு 1957-ல் தொடங்கிய கடையிலிருந்து இன்றைய கல்யாண வீடுகள் வரை, இந்த ஊரில் பிரியாணி அண்டாவைக் கிண்டுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். சீரகச் சம்பா அரிசி ஒரு படி எடுத்துப் போங்கள். ஒரு மத்தியானம் அப்பா பிரியாணி செய்யட்டும். கொஞ்சம் குழைந்தாலும் பரவாயில்லை. அம்மா இலை முன்னால் உட்கார்ந்து முதலில் சாப்பிடட்டும். அந்த ஒரு வேளைச் சாப்பாடு அவளுக்குப் பல வருஷம் நினைவில் நிற்கும்.

தோட்டக்காரருக்கு என்ன கிடைக்கும்?

இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவரைப் பார்ப்போம்.

தக்காளி போட்ட விவசாயியின் கதை எல்லோருக்கும் தெரியும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாய்க்கு மேல் விற்றது. பட்டணத்தில் ஜனங்கள் அலறினார்கள். ஆனால் விலை விழும் நாளும் வரும். அன்று பறிக்கிற கூலிகூடத் தேறாது. பழம் செடியிலேயே அழுகும். சாலையோரம் கொட்டப்படும். மழை பொய்த்தால் அதுவும் இல்லை.

அவரிடம் சும்மா கிடக்கும் வீடு ஒன்று இருக்கிறது. ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாள் வாடகை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் 40 நாள் மட்டும் ஆள் வந்தால் 60,000 ரூபாய். ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு 1,500 ரூபாய் என்றால் தலைக்கு 250 ரூபாய்தான். காய்கறி, பால், முட்டை, தேங்காய் விற்பது தனி. நடுவில் தரகர் இல்லை. தராசு அவர் கையில்!

இந்தப் பணம் அவரைப் பணக்காரர் ஆக்காது. ஆனால் ஒரு மோசமான வருஷத்தில் நகையை அடகு வைக்காமல் காப்பாற்றலாம். நிலத்தை விற்காமல் காப்பாற்றலாம். மகன் திருப்பூருக்கோ சென்னைக்கோ போகாமல் வீட்டிலேயே இருக்க ஒரு காரணம் கிடைக்கலாம்.

மகாராஷ்டிரத்தில் பாராமதிப் பக்கத்தில் 2005-ம் ஆண்டிலேயே இந்த முயற்சி தொடங்கிவிட்டது. 2020-ல் அந்த மாநில அரசு வேளாண் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. தமிழக அரசும் 2023-ல் சுற்றுலாக் கொள்கையை வெளியிட்டது.

பண்ணையா? சொகுசு மாளிகையா?

ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது.

முதல் வருஷம் ஒரு வீடு. பணம் வருகிறது. அடுத்த வருஷம் ஐந்து வீடு. பிறகு நீச்சல் குளம். பிறகு வெளியூர் முதலாளி வந்து மொத்தமாக விலை பேசுகிறார். வாழையை வெட்டி, புல்தரை போடுகிறார்கள். ஆழ்துளைக் கிணறு பக்கத்துக் கிணற்றை வற்றவைக்கிறது. நேற்றுவரை நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தவர், இன்று அதே இடத்தில் கேட் திறக்கும் காவல்காரர்!

மலைமேல் அளவில்லாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானலே சாட்சி. விதியை மீறிக் கட்டிய பல கட்டடங்கள் உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2019-ல் பூட்டி முத்திரை வைக்கப்பட்டன. கூட்டம் தாங்காமல் 7-5-2024 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது.

இத்தாலிச் சட்டம் இந்த ஆபத்தை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. விருந்தாளிகளை ஏற்கும் உரிமை விவசாயிக்கு மட்டுமே உண்டு. அவருக்கு விவசாயம்தான் பிரதானத் தொழிலாக இருக்க வேண்டும். விருந்தோம்பல் பக்கத் தொழில்தான். அதை எப்படி அளப்பது? உழைக்கும் நேரத்தை வைத்து அளக்கிறார்கள். நிலத்தில் செலவிடும் நேரம், விருந்தாளிக்குச் செலவிடும் நேரத்தை விட அதிகமாக இருக்க வேண்டும். சிறு விவசாயிக்கு ஒரு சலுகை. பத்து விருந்தாளிகளுக்கு மேல் போகாவிட்டால் இந்தக் கணக்கே கேட்கமாட்டார்கள்.

அதாவது, ஏர் முன்னால் போக வேண்டும். விருந்தாளி பின்னால் வர வேண்டும். ஏர் நின்றால் விருந்தும் நின்றுவிடும்.

நம் மத்திய சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் திட்டத்திலும் ஒரு நல்ல விதி உண்டு. ஒரு வீட்டில் ஆறு அறைக்கு மேல் விடக்கூடாது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும்.

இடம் தேடும் குடும்பங்களும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். "ஐயா, இந்தத் தோட்டத்தில் இப்போது என்ன விளைகிறது?" வீட்டுக்காரர் உற்சாகமாகப் பத்து நிமிஷம் பதில் சொன்னால், அது பண்ணை. முழித்தால், வேறு இடம் பாருங்கள்.

ஞாபகம் இருக்கட்டும்!

புறப்படும் குடும்பங்களுக்குச் சில யோசனைகள்:

தண்ணீர்: திண்டுக்கல் சமவெளி மழை குறைந்த பூமி. நீங்கள் வாளி வாளியாக ஊற்றிக் குளிக்கும் தண்ணீர், ஒரு பாத்தி வெங்காயத்தின் உயிர். அளந்து செலவிடுங்கள்.

கிணறு: நீச்சல் தெரியாத பிள்ளைகளைக் கிணற்றுப் பக்கம் தனியே விடாதீர்கள்.

நெருப்பு: வீட்டுக்காரர் காட்டும் இடத்தில் மட்டும் அடுப்பு மூட்டுங்கள். படுக்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். கோடையில் ஒரு பொறி போதும், மலையே பற்றிக்கொள்ளும்.

இருட்டு: கையில் டார்ச் லைட் இல்லாமல் வெளியே நடக்காதீர்கள். மலைப்பக்கத்தில் காட்டெருமை வரும். எங்கும் பாம்பு வரும்.

குரங்கு: தின்பண்டம் கொடுக்காதீர்கள். பழக்கிவிட்டுப் போவது நீங்கள். பிறகு அவஸ்தைப்படுவது தோட்டக்காரர்.

மழைக்காலம்: ஐப்பசி, கார்த்திகையில் மலைக்குப் போகுமுன் வானிலைச் செய்தி கேளுங்கள். 16-11-2018 அன்று கரை ஏறிய கஜா புயல் திண்டுக்கல் மாவட்டம் வழியாகத்தான் மேற்கே போனது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன.

குப்பை: மஞ்சள் பை எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக்கைத் தோட்டத்தில் எறிந்துவிட்டு வராதீர்கள். அது மாட்டின் வயிற்றுக்குள் போகும்.

மரியாதை: தோட்டக்காரர் உங்கள் வேலையாள் அல்ல. நீங்கள் தங்கியிருப்பது அவருடைய வீடு. காயைப் பறிக்கும் முன் கேளுங்கள். வாங்கியதற்குப் பேரம் பேசாமல் காசு கொடுங்கள். பட்டணத்துக் கடையில் யாரும் பேரம் பேசுவதில்லை அல்லவா?

பிள்ளைகள் கற்கும் பாடம்

பட்டணத்துப் பிள்ளைகள் பலருக்கு நிலக்கடலை மரத்தில் காய்க்கிறதா, மண்ணுக்குள் விளைகிறதா என்று தெரியாது. நாலு நாள் தோட்டத்தில் இருந்தால் தெரிந்துவிடும். ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் தொங்கும் கடலையைப் பார்க்கும்போது அந்தக் கண்கள் விரியும். அந்தப் பிள்ளை இனிமேல் தட்டில் சோற்றை மிச்சம் வைக்க யோசிக்கும்.

காந்தியடிகள் வழியில் கிராமத்துக்குத் தொண்டு செய்ய, டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். படித்தவர்கள் கிராமத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எல்லோராலும் கிராமத் தொண்டு செய்ய முடியாது. ஆனால் வருஷத்தில் நாலு நாள் ஒரு விவசாயியின் பக்கத்து வீட்டுக்காரராக இருக்க எல்லோராலும் முடியும்.

தக்காளி விலை ஏறினால் அலறும் குடும்பம், தக்காளி விலை விழும்போதும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கும். "அந்த அண்ணன் தோட்டத்தில் என்ன ஆயிற்றோ?" என்று கேட்கும். அப்படிக் கேட்க ஒரு முகம் தெரிந்திருக்க வேண்டும். அந்த முகத்தை எந்த ஓட்டலும் காட்டாது.

ஆகவே, இந்தக் கோடைக்கு மூட்டையைக் கட்டுங்கள். அரிசி, பருப்பு, புளி, உப்பு. ஒரு படி சீரகச் சம்பா. ஒரு டார்ச் லைட். ஒரு மஞ்சள் பை.

மறக்காமல் அப்பத்தாவையும் அழைத்துச் செல்லுங்கள். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்ட, அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்!